வேலிக்குள் வளர்ந்த பாரி

அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் தனக்குக் கிடையாது என்று பொன்னுத்தாயி எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவள் அந்தப்பக்கம் போனதும் சிரிப்பார்கள். இரட்டைமலைப்பட்டியில் யார் வீட்டு மாடு கன்று போட்டாலும், யார் வீட்டு மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மினிபஸ் ஏறினாலும், முதல் ஆளாகப் போய் நிற்பவள் அவள்தான். கெட்ட எண்ணம் கிடையாது. ஒருவர் கண் கலங்கினால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். அந்தக் கைதான் அவளை மாட்டிவிட்டது.

சிங்கம்புணரியிலிருந்து வரும் மினிபஸ்ஸுக்கு இரட்டைமலைப்பட்டிதான் கடைசி ஊர். அதற்கு மேல் ரோடு இல்லை, இரண்டு மலைகளும் நடுவே ஒரு பள்ளத்தாக்கும்தான். பள்ளத்தாக்கின் அடியில் ஓர் ஓடை. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் சத்தம் போட்டு ஓடிவிட்டு, மற்ற மாதங்களில் வெறும் மணலும் பாறையுமாகக் கிடக்கும். பொன்னுத்தாயி தினமும் ஆடுகளை அங்கேதான் பத்திக்கொண்டு போவாள். கணவன் முத்தரசு எர்ணாகுளத்தில் ஓட்டல் சமையல்காரன். தீபாவளிக்கும் சாமி கும்பிடுக்கும் வருவான். மகள் தேவிகா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். முத்தரசு அனுப்புவது வீட்டுக்குச் சரியாகப் போய்விடும். தேவிகாவின் படிப்பு ஆடுகளின் தலையில்தான் நடந்தது. கல்லூரியில் பணம் கட்டச் சொல்லும்போதெல்லாம் ஒரு கிடாய் சிங்கம்புணரிச் சந்தைக்கு நடந்து போகும், திரும்பி வராது.

இந்த ஊருக்குத்தான் ஒருநாள் சத்தியப்பிரியா வந்து இறங்கினாள். நெற்குப்பைக்காரி. காரைக்குடியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மலை ஓடைக் கரைகளில் நிற்கும் செடிகள் ஏன் அழிகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அதிலும் முக்கியமாகப் பூலா. பூலாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. மெல்லிய குச்சியும் சின்னச் சின்ன இலையுமாக ஓடையின் இரு கரையிலும் ஆள் நுழைய முடியாமல் அடைந்து கிடந்த செடி. பழம் தின்றால் நாக்கு கறுத்துப்போகும். சில வருடங்களாக அது தேய்ந்து தேய்ந்து, இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டைதான் நின்றது. செடி போனதும் கரை மண் சரிந்தது. மழைக்கு மழை ஓடை அகன்றுகொண்டே வந்தது.

"பூலா சாகுறதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மலையம்மாள்.

"இருக்குக்கா. ஏன் சாகுதுன்னு தெரிஞ்சாத்தான காப்பாத்த முடியும்?" என்றாள் சத்தியப்பிரியா.

"மனுசன் சாகுறதையே ஒருத்தரும் என்னன்னு கேக்கக் காணோம்," என்றாள் மலையம்மாள். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சத்தியப்பிரியா ஓடைக்கரையில் மூன்று இடங்களில் கம்பிவலை போட்டு வேலி அடைத்தாள். கருப்பர் கோயிலை ஒட்டிக் கீழ்வேலி, பள்ளத்தாக்கின் பாதியில் நடுவேலி, பாறை ஏறிப் போகவேண்டிய உச்சியில் மேல்வேலி. ஒவ்வொரு வேலியும் ஒரு சின்ன அறையளவு இருக்கும். வேலிக்குப் பக்கத்திலேயே அதே அளவுக்கு இன்னொரு இடத்தை நான்கு முளை அடித்துக் குறித்தாள். அதற்கு வேலி கிடையாது.

"இது எதுக்கு பாப்பா?" என்று பொன்னுத்தாயி முளையைக் காட்டிக் கேட்டாள்.

"உள்ள ஆடு போகாது, இங்க போகும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். இந்த முளைக்குள்ள உங்க ஆடு மேய்ஞ்சா தடுக்காதீகக்கா, மேயட்டும்."

ஆட்டை மேயவிடச் சொல்லி ஒரு படித்த பெண் கேட்டது பொன்னுத்தாயிக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளுக்குள் ஒரு உறுத்தலும் இருந்தது. பூலாத் துளிரைக் கண்டால் அவள் ஆடுகள் பாய்ந்து விழுந்து கடிப்பதை அவளே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒருவேளை நம்ம கழுதைகள்தான் தின்றே தீர்த்துவிட்டனவோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் கோடை வந்தது. வேலிக்கு வெளியே இருந்ததும் காய்ந்தது, உள்ளே இருந்ததும் காய்ந்தது. ஒரு மத்தியானம் பொன்னுத்தாயி ஆடுகளோடு வரும்போது, சத்தியப்பிரியா கீழ்வேலியின் நிழலில் உட்கார்ந்து, செல்போனை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் போனில் வறுத்து எடுத்திருந்தார். வேலி போட்டும் வளரவில்லை என்றால் வேலி போட்டதில் ஏதோ தப்பு, அடுத்த கோடையிலும் இதே கதை என்றால் வேறு தலைப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். அவளுக்கு முப்பது வயது ஆகப்போகிறது. படிப்பு முடியட்டும் முடியட்டும் என்று வீட்டில் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுத்தாயி அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் முளைப்பாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மன் கும்பிடுக்குப் பெண்கள் ஓட்டில் எருவைப் பரப்பி, நவதானியம் விதைத்து, வெயில் படாத ஒரு வீட்டில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்களே, அந்தப் பாரி. யார் பாரி தளதளவென்று வருகிறதோ அந்த வீடு தழைக்கும். பாரி வெளுத்துக் குட்டையாக நின்றுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது. கல்யாணம் தட்டும், காரியம் கெடும். பொன்னுத்தாயியின் பெரியம்மா மகள் ஒருத்தியின் பாரி அழுகிப்போன வருடம்தான், பேசி முடித்த சம்பந்தம் முறிந்தது. இன்றைக்கும் அதை ஊரில் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே இரட்டைமலைப்பட்டிப் பெண்களுக்குள் ஓர் எழுதாத வழக்கம் உண்டு. ஒரு கன்னிப்பெண்ணின் பாரி சோர்ந்து நிற்பது தெரிந்தால், வேறொருத்தி சத்தமில்லாமல் அதற்கு ஒரு கை தண்ணீர் கூடத் தெளித்துவிட்டு வருவாள். ஊற்றியதை வெளியே சொல்லக் கூடாது. வாய் விட்டுச் சொன்னால் பாரி அவிந்து போகும்.

இப்போது நீங்களே பாருங்கள். கல்யாணம் ஆகாத ஒரு பெண், தன் கையால் அடைப்புக் கட்டி, உள்ளே செடி வைத்து, வளருமா வளருமா என்று வாரத்துக்கு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வளரவில்லை என்று அழுகிறாள். படித்தவர்கள் அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பொன்னுத்தாயியின் கண்ணுக்கு அது பாரிதான்.

"அந்தப் புள்ள பாரி கருகிப்போயி கெடக்குடி," என்றாள் மலையம்மாளிடம்.

"நானும் பாத்தேன். நம்ம ஊருக்குள்ள வச்சுக் கருகுனா அது நமக்கும்ல ஆகாது," என்றாள் மலையம்மாள்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த கோடை தொடங்கியதுமே இருவரும் குடங்களை எடுத்துக்கொண்டார்கள். கருப்பர் கோயில் அடிபம்பில் அடித்துக் கீழ்வேலிக்கு ஊற்றினார்கள். இன்னொரு நடை அடித்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக நடுவேலி வரைக்கும் போனார்கள். மேல்வேலிக்குப் போக வேண்டுமானால் கையை ஊன்றிப் பாறை ஏற வேண்டும், குடத்தோடு முடியாது. அதைக் கருப்பர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். சத்தியப்பிரியா வருகிற கிழமை தெரியும். அன்றைக்கு மட்டும் ஊற்றமாட்டார்கள். பாரிக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பாரிக்காரி பார்க்கலாமா?

பூலா நன்றி கெட்ட செடி இல்லை. கட்டையாக நின்றதெல்லாம் வெடித்துத் துளிர்த்தது. மழைக்காலத்தில் கொழுத்தது. அதற்கடுத்த கோடையிலும் இரண்டு பேரும் விடாமல் ஊற்ற, கீழ்வேலியும் நடுவேலியும் உள்ளே தோளுயரத்துக்கு அடைந்துகொண்டன. பழம் பிடித்து, குருவிகள் வந்து கத்தின. வெளியே முளை அடித்த இடத்தில் பழைய கட்டைகள் அப்படியே நின்றன. சத்தியப்பிரியா ஒருநாள் ஓடிவந்து பொன்னுத்தாயியைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, வந்துருச்சுக்கா! ஆடு கடிக்காம விட்டா எப்படி வருது பாத்தீகளா?" என்றாள். மறுவாரம் ஒரு பெரிய பொட்டலம் நிறையச் சீப்புச்சீடை கொண்டுவந்து கொடுத்தாள்.

"மேல மட்டும் வரலையே பாப்பா?" என்று கேட்டு வைத்தாள் மலையம்மாள், சீடையைக் கடித்துக்கொண்டே.

"அங்க மண்ணு சரியில்லக்கா. அதைக் கணக்குல சேக்கல."

பொன்னுத்தாயிக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவளால் கட்டி வைக்க முடியவில்லை. ஆட்டுக்குட்டிகளிடம்கூடச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்தப் பெண் சொன்ன வார்த்தையில் 'ஆடு' என்று ஒன்று வந்ததே, அது அவள் காதில் விழவே இல்லை.

மாசி மாதம் சமுதாயக்கூடத்தில் கூட்டம் என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். வனத்துறையிலிருந்து ரேஞ்சர் வந்திருந்தார். சத்தியப்பிரியா புதுச் சுடிதார் போட்டு, வெள்ளைச் சுவரில் படம் காட்டினாள். கீழ்வேலி உள்ளே பச்சை, வெளியே கட்டை. நடுவேலி உள்ளே பச்சை, வெளியே கட்டை. பொன்னுத்தாயி முன்வரிசையில் உட்கார்ந்து, தன் வீட்டுப் பிள்ளை மேடையேறினாற்போல் பூரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ரேஞ்சர் எழுந்தார்.

"படத்துல பாத்தீங்க. ஆடு போகாத இடத்துல செடி எப்படி வந்திருக்குன்னு இந்தம்மா ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்காங்க. அதனால வர்ற சித்திரையிலிருந்து பள்ளத்தாக்குக்குள்ள ஆடு விடக் கூடாது. ஓடை பிழைக்கணும்ல?"

பொன்னுத்தாயி ரேஞ்சரைப் பார்த்தாள், சுவரில் நின்ற பச்சையைப் பார்த்தாள். அவள் சுமந்த தண்ணீர் அத்தனையும் அங்கே இலையாக நின்றது. அதைக் காட்டித்தான் அவள் ஆடுகளை விரட்டப் போகிறார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளுக்கு உறைத்தது. பள்ளத்தாக்கை விட்டால் அந்த ஊரில் மேய்ச்சலுக்கு வேறு இடம் இல்லை. ஆட்டை விற்றால் தேவிகா கடைசி வருடத்தை எதை வைத்து முடிப்பாள்?

மலையம்மாள் அவள் தொடையைக் கிள்ளினாள். "எந்திரிச்சுச் சொல்லிருவமாடி?"

"வாயைத் தொறந்த, கொன்னுபுடுவேன்," என்றாள் பொன்னுத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு.

பயம் ஒரு பக்கம், பாரி அவிந்து போகும் என்பது ஒரு பக்கம். எல்லாவற்றையும்விட, அந்தப் பெண்ணின் முகம். மூன்று வருடத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் அவள் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் சத்தியப்பிரியா நேராக அவளிடம் வந்தாள். வெளிச்சம் இப்போது குறைந்திருந்தது. "அக்கா, மேய்ச்சலுக்கு வேற ஏற்பாடு பண்ணித் தாங்கன்னு சார்கிட்ட சொல்லிருக்கேன். உங்களுக்குன்னு தனியா எடுத்துச் சொல்லிருக்கேன்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கே சங்கடமா இருக்குக்கா. ஆனா உள்ளதைத்தானக்கா எழுத முடியும்?"

"நீ என்ன செய்வ பாப்பா," என்றாள் பொன்னுத்தாயி.

அன்று சாயந்திரம் தேவிகா போனில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் முதல்முறையாகத் தனியாக ஊசி போட்டாளாம், கை நடுங்கவே இல்லையாம். பொன்னுத்தாயி "நல்லாரு, நல்லாரு" என்று நான்கு தரம் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு பட்டியில் ஆடுகளுக்கு நடுவே போய் நின்றாள். யோசித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் பெற்ற பெண், ஒரு பக்கம் பெறாத பெண், இரண்டும் மாறி மாறி வந்து போயின. சொன்னால் அந்தப் பெண்ணின் மூன்று வருடம் மண். சொல்லாவிட்டால் தன் பெண்ணின் நான்கு வருடம் மண். இதில் எதைத் தூக்கிப் பிடிப்பது? சத்தியப்பிரியா சொன்ன ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்து குத்தியது. உள்ளதைத்தான் எழுத முடியும் என்றாளே, பாவி மகள், உள்ளது எது என்று அவளுக்குத் தெரியாதே!

மறுநாள் காலையில் சத்தியப்பிரியா கீழ்வேலிக்கு உள்ளே நின்று கடைசிப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அடிபம்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பொன்னுத்தாயி இடுப்பில் குடத்தோடு வந்தாள். கம்பிக்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, தினமும் வந்து பழகியவளாக நேராக உள்ளே நுழைந்தாள். சத்தியப்பிரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தூரிலும் கையை அணையாகக் கொடுத்து, மண் அரிக்காமல், பக்குவமாக ஊற்றினாள். குடம் காலியானதும் வெளியே போனாள். மறுபடி பம்பு சத்தம். மறுபடி வந்தாள். பாரிக்கு ஊற்றியதை வாயால்தான் சொல்லக் கூடாது. ஊற்றிக் காட்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

சத்தியப்பிரியா கேமராவைக் கீழே இறக்கினாள். ஒவ்வொரு தூரிலும் பாத்தி கட்டியதுபோல ஒரு குழிவு இருந்ததை அவள் இதுநாள்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழை பறித்த குழி என்று நினைத்திருந்தாள்.

"அக்கா, எத்தனை நாளா இது?"

பொன்னுத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்தது. பின்னாலேயே தன் குடத்தோடு வந்துவிட்ட மலையம்மாளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் அவ்வளவு கிடையாது.

"ரெண்டு கோடையா ஊத்துறோம் தாயி. இங்கயும் ஊத்துனோம், நடுவுலயும் ஊத்துனோம். நீ உக்காந்து அழுதியே, அதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கச் சொல்ற?"

சத்தியப்பிரியா கத்தினாள். அந்தச் சாதுவான பெண்ணுக்குள் அவ்வளவு கத்தல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். "என்ன காரியம்க்கா பண்ணி வச்சிருக்கீக! மூணு வருசம்க்கா! ஊரெல்லாம் படம் போட்டுக் காட்டியாச்சு. நான் கேட்டனா? உங்களை யாரு ஊத்தச் சொன்னது?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. பொன்னுத்தாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

கத்தி ஓய்ந்ததும் சத்தியப்பிரியா ஓடையில் இறங்கி மேலே நடந்தாள். பொன்னுத்தாயிக்குப் பயமாகிவிட்டது. பெண் ஏதாவது செய்துகொள்ளப் போகிறதோ என்று பின்னாலேயே ஓடினாள். பாறை ஏறி, மேல்வேலியில் போய் நின்றார்கள். உள்ளே நாலைந்து காய்ந்த குச்சிகள். எந்த ஆடும் வாய் வைக்காத, யாரும் தண்ணீர் ஊற்றாத இடம். மண் சரியில்லை என்று ஒதுக்கி வைத்தாளே, அது. சத்தியப்பிரியா மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். கீழே இருந்த அதே மண்தான். தனக்கு வேண்டாததைச் சொன்னது என்பதற்காகத்தான் அந்த வேலியை ஒதுக்கினோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அது தெரிந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இறங்கும் வழியில் கரை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள். ஓடையின் அடி அவள் காலுக்கு வெகு கீழே கிடந்தது. கரையில் அறுந்த வேர்கள் அந்தரத்தில் தொங்கின.

"இந்த ஓடை எப்பவும் இவ்வளவு பள்ளமாவாக்கா இருக்கு?"

"இல்ல பாப்பா. தேவிகா சின்னப்புள்ளையா இருக்கையில தூர் வாருறோம்னு மிசினைக் கொண்டாந்து எறக்குனாக. சரளையை லாரி லாரியா அள்ளிட்டுப் போனாக. அதுக்கு முந்தி கரையும் ஓடையும் ஒண்ணாத்தான் கெடக்கும்."

சத்தியப்பிரியா வெகுநேரம் அந்த வேர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடை கீழே போய்விட்டது, தண்ணீரும் அதோடு கீழே போய்விட்டது, வேர் மட்டும் மேலே நின்றுவிட்டது. பிறகு எழுந்து, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மினிபஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தகவல் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. மலையம்மாள் தன் பங்குக்குப் பயமுறுத்தினாள். "அவ என்னத்துக்குடி திரும்பி வாரா? ரெண்டு பொம்பளை சேந்து தண்ணி ஊத்துனாளுகன்னு நம்ம சொன்னா எவன் நம்புவான்? பட்டத்தை வாங்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பா." பொன்னுத்தாயிக்கும் அது தெரியும். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லாம் அவள் நினைத்தபடி நடந்துவிடும். குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மூன்று வருட உழைப்பை யார்தான் தூக்கிக் குப்பையில் போடுவார்கள்? வியாபாரி ஒருவன் வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போனான். பெரிய பெட்டை ஆட்டின் வாயைப் பிளந்து அவன் பல்லைப் பார்த்தபோது, பொன்னுத்தாயி வீட்டுக்குள் போய்விட்டாள்.

பங்குனி பாதியில் ஒரு காலை, சத்தியப்பிரியா மினிபஸ்ஸிலிருந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். நேராகப் பட்டிக்கு வந்தாள்.

"ஆட்டைத் தடுக்குறதை ஒரு வருசம் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்க்கா, சரின்னுட்டாக," என்றாள். "ரேஞ்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மேல்வேலியை மறைச்சதையும் சொன்னேன். எங்க புரொபசர் ஒரு மாசம் என்கூடப் பேசல. உதவிப்பணமும் நின்னுபோச்சு. சிங்கம்புணரியில ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேந்துட்டேன். அதை விடுங்க. இன்னும் ஒரு கோடை பாக்கணும்."

பொன்னுத்தாயிக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. "நான் என்ன செய்யணும், சொல்லு பாப்பா. என்னன்னாலும் செய்யுறேன்."

"தண்ணி ஊத்தணும்."

"இம்புட்டுத்தான?"

"வெளிய ஊத்தணும்க்கா. முளைக்குள்ள. ஆடு கடிக்கிற எடத்துல. உள்ள வேலிக்குள்ள ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. ஆடு கடிச்சும் அது பொழைச்சு, ஆடு கடிக்காமயும் இது காஞ்சா, அப்ப உங்க ஆடு கொல்லலைன்னு நான் எழுதலாம். தண்ணி இல்லாம சாகுதுன்னு எழுதலாம்."

சொன்னது பொன்னுத்தாயிக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"உள்ள உள்ளது?" என்று கேட்டாள்.

"நீங்க மேலாக ஊத்தி வளத்தது. வேரு ஆழமாப் போயிருக்காது," என்றாள் சத்தியப்பிரியா.

அந்தக் கோடையைப்போல ஒரு கோடையைப் பொன்னுத்தாயி பார்த்ததில்லை. காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். வேலியைத் தாண்டி, முளை அடித்த இடத்தில் செத்துக்கிடந்த கட்டைகளுக்கு ஊற்றுவாள். அவை வெட்கமில்லாமல் துளிர்த்தன. ஆடுகள் கடித்தன. கடித்த இடத்தில் மறுபடி துளிர்த்தன. ஒரு கை தூரத்தில், கம்பிவலைக்கு அந்தப்பக்கம், அவள் வளர்த்த பூலா முதலில் பழத்தை உதிர்த்தது, பிறகு இலை வெளுத்தது. குருவிகள் வருவது நின்றது. மலையம்மாள் பார்க்கச் சகிக்காமல் வைகாசியோடு ஒதுங்கிக்கொண்டாள். பொன்னுத்தாயி விடவில்லை, விட்டால் ஆடு போகும், தேவிகா படிப்பு போகும். ஒருநாள் ஊற்றிய தண்ணீர் சரிவில் இறங்கி, மெல்ல வேலிப் பக்கமாக ஓடப் பார்த்தது. அவள் பதறிப்போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் குறுக்கே அணைத்தாள். தண்ணீர் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தாகம் என்று நிற்கிறதற்கு எதிரே தண்ணீரை மறித்த பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஆடி பிறந்ததும் சத்தியப்பிரியா வந்தாள். வேலிக்கு உள்ளே போய் ஒரு கிளையை வளைத்தாள், படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை வளைத்தாள், அதுவும் ஒடிந்தது. வெளியே வந்து, ஆடு கடித்துக் கடித்து முட்டுமுட்டாக, ஆனால் பச்சைப் பசேலென்று நின்ற பூலாவைத் தொட்டுப் பார்த்தாள். நடுவேலியிலும் அப்படியே இருந்தது. மூச்சு இரைக்கத் திரும்பி வந்து பொன்னுத்தாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆடு கொல்லல! கடிக்கத்தான் செய்யுது, கொல்லல. இனி உங்க ஆட்டை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஓடையைத்தான் சரி பண்ணணும்னு எழுதப் போறேன். செய்வாகளோ மாட்டாகளோ, எழுதப் போறேன்."

பொன்னுத்தாயி சிரிக்கத்தான் நினைத்தாள். ஆடுகள் பிழைத்தன, மகள் படிப்பு பிழைத்தது, இந்தப் பெண்ணும் ஒருவழியாகத் தலைநிமிர்ந்துவிட்டாள். அப்படியும் சிரிப்பு வரவில்லை. கண் வேலிக்குள்ளேயே நின்றது.

"பாப்பா, உன் வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"அப்ப இனிமே உள்ள ஊத்தலாம்ல?"

இனி ஊற்றிப் பயனில்லை என்பது சத்தியப்பிரியாவுக்குத் தெரியும். இத்தனை வருடம் செடி வளர்த்த பொன்னுத்தாயிக்கும் அது தெரியாமல் இருக்காது.

"ஊத்துங்கக்கா," என்றாள்.

பொன்னுத்தாயி குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தாள். சத்தியப்பிரியாவும் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, மலையம்மாள் வீட்டு வாசலில் கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.